அரை மாத்திரை, கால் மாத்திரை

நன்னூல் எழுத்தியற் பாடம் நடந்துகொண்டிருந்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கும் குற்றியலுகரத்துக்கும் அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தேன். பின்வரிசையில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, கால் மாத்திரையைக் காதாற் கேட்டு அறிய முடியுமா?" என்று வினவினான். நல்ல கேள்வி. "காது அறிதல் அரிது, ஆயினும் குறைந்தது கால்தானே என்று செய்யுள் அதனை விட்டுவிடாது" என்று விடை சொல்லி அடுத்த சூத்திரத்துக்குப் போனேன். வகுப்பு என்னுடன் வந்தது. என் மனம் வரவில்லை. கால் மாத்திரையின் நிறையை உடம்பிலே சுமந்து அறிந்தவன் யான்.

எங்கள் ஊரவர் குளிசை என்பதைத் தமிழகத்தார் மாத்திரை என்பர். இலக்கண மாத்திரையை ஏறக்குறைய முப்பது ஆண்டாகக் கற்பித்து வருகின்றேன். மற்றை மாத்திரையை ஒன்பது ஆண்டு விழுங்கி வந்தேன். முன்னதைப் பற்றி இப்பக்கத்திற் பலமுறை எழுதியிருக்கின்றேன். பின்னதைப் பற்றி எழுத இன்றுதான் துணிவு வந்தது. இதனைப் படிக்கும் ஆசிரியர்களுள்ளும் அன்பர்களுள்ளும் தலையணையின் கீழே அந்தக் குளிசையை வைத்துக்கொண்டு, வெளியிற் சொல்ல நாணி இருப்போர் உளர் என்பது என் எண்ணம். அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றேன்.

என் அன்னையார் நோய்ப்படுக்கையிற் கிடந்த காலத்தில் இரவெல்லாம் விழித்திருந்தேன். அவர் போன பின்னரும் அந்த விழிப்புப் போகவில்லை. வைத்தியர் ஒருவர் டயசிபாம் என்னும் குளிசையை இரவில் ஒன்று போடும்படி தந்தார். முதல் இரவே உறங்கினேன். இரண்டு கிழமைக்கு என்று தந்த மருந்து இரண்டு மாதமாயிற்று. இரண்டு மாதம் இரண்டு ஆண்டாயிற்று. கிளினிக் கொப்பியில் மேலே எழுதியிருந்ததையே கீழேயும் எழுதித் தந்தார்கள். ஐந்து மில்லிகிராம் போதாமற் பத்தாயிற்று. ஓசை குறைந்தவிடத்தை நிறைக்க எழுத்து அளபெடுக்கும் என்று பிறர்க்குப் படிப்பிக்கும் யான், என் மருந்தும் அவ்வாறே அளபெடுத்து வருவதைக் கண்டிலேன். ஏன் இன்னும் இது என்று எவரும் கேட்கவில்லை. யானும் கேட்கவில்லை.

ஒருநாள் இலக்கியக் கூட்டமொன்று முடிந்து தேநீர் அருந்தும்போது நண்பர் ஒருவர், "பண்டிதரும் குளிசைக்கு அடிமையோ?" என்று நகைத்தார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. வந்த கந்தசஷ்டியில் உணவோடு குளிசையையும் விடுவது என்று உறுதி செய்தேன். ஆறு நாளும் விரதம் நன்றாக நடந்தது. உறக்கம் குறைந்ததைத் தவிர வேறு குறையில்லை. பாறணை செய்த அன்று, "பார்த்தாயா, மனம் வைத்தால் எதுதான் முடியாது" என்று மனைவியாரிடம் பெருமை பேசினேன்.

எட்டாம் நாள் வகுப்பில் வெண்கட்டி விரலிடையே நடுங்கிற்று. கதிரை இழுபடும் ஓசை இடிபோற் கேட்டது. சாளரத்து வெயில் கண்ணைக் குத்திற்று. தோலின் கீழே எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி எழுந்தது. நெஞ்சு காரணமின்றிப் படபடத்தது. நான்கு இரவு கண் மூடவேயில்லை. நாற்பது ஆண்டாக நாவில் இருந்த பாடல்கள் பாதியில் அறுந்து நின்றன. புத்தி பேதலிக்கின்றது என்றே நம்பினேன். குளிசையை விட்டதை யான் நினைக்கவேயில்லை. விட்ட ஒரு கிழமையும் ஒன்றும் நேரவில்லையே!

வீட்டார் என்னை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றனர். அங்கிருந்த வைத்தியர் பள்ளிக்கூடத்தில் என்னிடம் தமிழ் படித்த பெண். யான் சொன்னதையெல்லாம் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "ஐயா, விரதம் எப்போது முடிந்தது என்று சொல்லிவிட்டீர்கள், குளிசையை எப்போது விட்டீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சொன்னேன். "உங்களுக்கு வந்திருப்பது புதிய நோயன்று. டயசிபாம் உடம்பை விட்டு நீங்கப் பல நாள் எடுக்கும். அதனாலேதான் துன்பமும் பிந்தி வந்தது. லொறாசிபாம், அல்பிறசோலாம் போன்ற விரைவில் நீங்கும் குளிசைகளாயின் ஓரிரு நாளிலேயே தொடங்கியிருக்கும். வலிப்பு வராமல் இருந்தது நற்பேறு" என்றார். பழைய அளவையே மீண்டும் தொடங்கும்படி பணித்தார். யான் தோற்றுப்போனவனாகத் தலை குனிந்தேன். "தோல்வியன்று ஐயா. இறங்க வேண்டிய மாடியிலிருந்து குதித்துவிட்டீர்கள். இனிப் படிவழியே இறங்குவோம்" என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியிற் சொல்கின்றேன். மூளையின் நரம்புகளிடையே கிளர்ச்சியைத் தணிக்கும் இயற்கைப் பொருள் ஒன்று உண்டு. அதனைச் சுருக்கமாகக் காபா என்பர். டயசிபாம் முதலிய பென்சோடயசிபைன் மருந்துகள் அந்தக் காபாவின் கைக்கு வலுவூட்டுவன. சில நாளைக்கு அது பெரும் நன்மை. மாதக்கணக்கிலே தொடர்ந்தால் மூளை அந்த வலுவைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டு தன் பங்கைக் குறைத்துவிடும். என் இளமையில் எங்கள் தோட்டத்திலே துலா மிதித்து நீரிறைப்பர். மேலே மிதிப்பவரின் பாரமும் கீழே வாளியின் பாரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். கயிறு சடுதியாக அறுந்தால் மிதிப்பவர் கதி என்ன? மருந்தைச் சடுதியாக நிறுத்துவதும் அத்தகையதே. மனவுறுதி மிக்கவர் மிதித்தாலும் அறுந்த கயிறு அறுந்ததுதான்.

உடல் தேறியபின் இம்மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து நட்லி என்னும் ஊரில், ஹொவ்மன் லா றோஷ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய லியோ ஸ்ரேர்ன்பாக் என்னும் இரசாயன அறிஞர் உருவாக்கி ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொருள், 1957ஆம் ஆண்டு ஆய்வுகூடத்தை ஒழுங்கு செய்தபோது மீண்டும் கையில் அகப்பட்டது. அதனைச் சோதித்துப் பார்த்தபோது அதன் அமைதியூட்டும் ஆற்றல் வெளிப்பட்டது. 1960இல் அது லிபிரியம் என்ற பெயருடன் வெளிவந்தது. 1963இல் அதன் தங்கையாகிய டயசிபாம், வலியம் என்ற பெயருடன் வந்தது. அதற்கு முன்னிருந்த பாபிற்றுறேற் உறக்க மருந்துகள் அளவு மீறினால் உயிரையே குடிப்பன. அவற்றோடு ஒப்பிடப் புதியவை இடர் குறைந்தவையாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1969 முதல் 1982 வரை அமெரிக்க வைத்தியர்கள் மிகுதியாக எழுதிக்கொடுத்த மருந்து வலியமே.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். லியோ ஹொலிஸ்ரர் என்னும் அமெரிக்க வைத்தியர் தம் துணைவரோடு 1961இலேயே ஓர் ஆய்வினை வெளியிட்டார். லிபிரியத்தை மிக உயர்ந்த அளவிற் பல மாதம் உட்கொண்டவர்களுள் 11 பேருக்கு அதனைச் சடுதியாக நிறுத்தி, மருந்தில்லாத போலிக் குளிசையைக் கொடுத்தனர். 10 பேருக்குப் புதிய துன்பக்குறிகள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. அது பேரளவின் விளைவு என்று பலர் அமைதி கொண்டனர். வழமையான சிறு அளவே நெடுநாள் தொடர்ந்தாலும் இத்துன்பம் வரும் என்பதை இலண்டனிற் பேராசிரியர் மல்கம் லேடர் முதலியோர் 1980களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினர். பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இம்மருந்துகளை இரண்டு முதல் நான்கு கிழமைக்கு மேற் கொடுத்தல் ஆகாது என்று 1988இல் அறிவுரை விடுத்தது. முதல் எச்சரிக்கைக்கும் அந்த அறிவுரைக்கும் இடையில் 27 ஆண்டுகள்! ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகமோ, சார்பும் நிறுத்தத் துன்பமும் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை இம்மருந்துகள் அனைத்துக்கும் 2020இலேதான் கட்டாயமாக்கியது. ஏட்டில் இருக்கும் அறிவு நோயாளியின் கட்டிலுக்கு வந்து சேர எத்தனை காலம் எடுக்கின்றது!

அந்த இடைவெளியைக் குறைக்கத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் பேராசிரியர் ஹெதர் அஷ்டன் அம்மையார். 1929இல் இந்தியாவின் டேராடூனிற் பிறந்தவர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே, இம்மருந்தை விட விரும்புவோருக்கென்று 1982 முதல் 1994 வரை பன்னிரண்டு ஆண்டு ஒரு கிளினிக் நடத்தினார். வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டே இத்துறையைத் தாம் கற்றதாக எழுதியிருக்கின்றார். மாணாக்கரிடம் கற்றேன் என்று சொல்லத் தயங்கும் எம்போன்ற ஆசிரியர்கள் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று. அவர் எழுதிய கைந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 2019இல் அம்மையார் காலமானார். நூல் இன்றும் பலருக்குக் கைவிளக்காக இருக்கின்றது.

அந்நூலாலும் என் வைத்தியராலும் யான் அறிந்துகொண்டவற்றைத் தொகுத்துச் சொல்வேன்.

முதலாவது, தனியே தொடங்கலாகாது. வைத்தியர் ஒருவரின் கண்காணிப்பு வேண்டும். வலிப்பு நோயுள்ளோர், கருவுற்றோர், மதுப்பழக்கம் உள்ளோர், பல மருந்து ஒருங்கே உண்போர் ஆகியோருக்கு இது இன்னும் இன்றியமையாதது. சிலருக்கு வைத்தியசாலையில் தங்குவதும் வேண்டியதாகலாம்.

இரண்டாவது, மெல்லக் குறைத்தல் வேண்டும். அமெரிக்க வைத்தியர் சங்கங்கள் பல ஒன்றுகூடி 2025இல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை, அப்போதுள்ள அளவில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைத்துத் தொடங்கலாம் என்கின்றது. இரண்டு கிழமைக்குள் நூற்றுக்கு 25க்கு மேற் குறைத்தல் பொதுவாக ஆகாது என்றும் வரையறுக்கின்றது. 'அப்போதுள்ள அளவில்' என்பதை மாணாக்கர் ஊன்றி நோக்குக. பத்திலே ஒன்று குறைப்பதும் இரண்டிலே ஒன்று குறைப்பதும் ஒன்றல்ல. அளவு சிறுத்து வரும்போது படியும் சிறுத்தல் வேண்டும். ஒன்று, அரை, கால் என்னும் முறை இங்கே உயிர்காக்கும் முறையாகின்றது.

மூன்றாவது, எல்லாக் குளிசையும் ஓரளவின அல்ல. அஷ்டன் அம்மையாரின் கணக்கின்படி லொறாசிபாம் ஒரு மில்லிகிராம் டயசிபாம் பத்து மில்லிகிராமுக்கு ஒப்பாகும். விரைவில் நீங்கும் குளிசை உண்போரை, மெல்ல நீங்கும் டயசிபாமுக்குப் படிப்படியாக மாற்றியபின் குறைப்பது அவர் கையாண்ட வழி. இது எல்லார்க்கும் பொருந்தாது. பொருந்துமா என்று முடிவு செய்பவர் வைத்தியர். அயல்வீட்டார் தம் குளிசையைக் கடன் கொடுப்பதும், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும் கேடு விளைப்பன.

நான்காவது, வேகத்தைத் துன்புறுபவரே நிருணயித்தல் வேண்டும். துன்பம் மிகுந்தால் அந்தப் படியிலேயே சில கிழமை நிற்கலாம். நிற்றல் தோல்வியன்று. துன்பத்தை மறக்க மதுவை நாடினால் ஒரு கயிற்றை அவிழ்த்து மற்றொரு கயிற்றைக் கட்டியதாகவே முடியும்.

ஐந்தாவது, முதலில் உறக்கம் ஏன் போயிற்று என்பதை நாடுதல் வேண்டும். உறங்கும் வேளையையும் எழும் வேளையையும் ஒழுங்கு செய்தல், உறக்கமின்மை பற்றிய அச்சத்தை நீக்கல் முதலியவற்றை முறையாகப் பயிற்றும் உளவியற் சிகிச்சை இன்று உண்டு. குறைத்தலோடு இதுவும் சேர்ந்தால் வெற்றி பெரிது.

எனக்குப் பதினாறு மாதம் சென்றது. மகளின் திருமணத்தின்போது ஒருமுறையும், விடைத்தாள் திருத்தும் காலத்தில் ஒருமுறையும் படியில் நின்றேன். பத்திலிருந்து ஐந்துக்கு வந்தது எளிது. ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தது கடினம். இறுதியில் எஞ்சியது இரண்டு மில்லிகிராம் குளிசையை நான்காகப் பிளந்த கால். பொடியோ துகளோ என்று சொல்லத்தக்க அந்தக் காலை விடுவதற்கு யான் கொண்ட அச்சம் பெரிது. விட்ட பின்னர் ஒருநாள் இரவு மூன்று மணிக்கு விழித்தேன். விழித்தபடியே கிடந்தேன். அஞ்சவில்லை. அப்போதுதான் வந்து சேர்ந்துவிட்டேன் என்பதை அறிந்தேன்.

இனி, சொல் பற்றிய என் வழக்கு. பண்டிதன் சொல்லைப் பற்றிப் பேசாமல் முடிப்பானா? வைத்தியர் சொன்னபடி, சொன்ன அளவில், சொன்ன வேளையில் மருந்துண்டவனை 'அடிமை' என்பது பிழை. உடம்பு ஒரு பொருளுக்குப் பழகி, அதன் துணையின்றி நிற்க இயலாமை வேறு. வெறி கொண்டு அப்பொருளையே தேடி அலைதல் வேறு. முன்னதற்குத் தமிழில் அழகிய சொல் உண்டு: சார்பு. குற்றியலுகரத்தையும் மகரக்குறுக்கத்தையும் சார்பெழுத்து என்றனர் நம் இலக்கண ஆசிரியர். அவற்றைக் குற்றமுடைய எழுத்து என்று எவரேனும் சொன்னதுண்டா? அடிமை என்ற சொல் நாணத்தை விளைக்கின்றது. நாணம் மறைக்கச் செய்கின்றது. மறைப்பு வைத்தியரிடம் போகவிடாமற் சடுதியாக நிறுத்தத் தூண்டுகின்றது. என்னை வீழ்த்தியது அந்தச் சொல்லே. ஒரு சொல் தவறினால் ஓர் உயிர் தவறலாம் என்பதற்கு யானே சான்று.

"மனவுறுதி இருந்தால் ஒருநாளில் விடலாமே" என்பாரும் உளர். ஒரே நாளில் உலகைத் துறந்தோரின் கதைகளைப் போற்றி வளர்ந்தவர் நாம். ஆதலின் மெல்ல விடுவது நமக்குக் கோழைமையாகத் தோன்றுகின்றது. பார்பரா கோர்டன் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வலியத்தை ஒரே நாளில் விட்டுத் தாம் பட்ட பாட்டை 1979இல் நூலாக எழுதினார். அவருக்கு உறுதி குறைவு என்று எவர் சொல்வார்? பதினாறு மாதம் நாள்தோறும் அளவெடுத்துக் கொப்பியிற் குறித்துக் குறைப்பதற்கு வேண்டும் உறுதி, ஒருநாட் சபதத்துக்கு வேண்டுவதினும் பெரிது.

"அப்படியாயின் மருந்தே வேண்டாம்" என்பாரும் உளர். அதுவும் தவறு. வலிப்பை நிறுத்தவும், தாங்கொணாத பதற்றத்தைச் சில நாள் தணிக்கவும் இவை உயிர்காக்கும் மருந்துகள். சிலர்க்கு நெடுங்காலம் வேண்டியதாகவும் இருக்கலாம். இதனைப் படித்துவிட்டு இன்றிரவே குளிசையை எறிபவர் என் கருத்தைத் தலைகீழாகக் கொண்டவராவார்.

எம் மண்ணில் உறக்கம் போனதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2004இன் ஆழிப்பேரலையையும் 2009இல் முடிந்த போரையும் கண்ட தலைமுறை இது. பலருக்கு அக்குளிசை ஒரு காலத்தில் உற்ற துணையாக இருந்திருக்கும். துணை எப்போது தளையாகின்றது என்பதைச் சொல்ல ஒருவர் வேண்டும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இம்மருந்தை நெடுநாள் உண்ட முதியோருக்கு, அதன் இடரையும் குறைக்கும் முறையையும் எளிய மொழியில் விளக்கும் சிறு பிரசுரம் ஒன்றை அனுப்பினர். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 27 பேர் மருந்தை விட்டனர். பிரசுரம் பெறாதோருள் நூற்றுக்கு 5 பேரே விட்டனர் என 2014இல் அவ்வாய்வு வெளிவந்தது. விளங்கும் மொழியில் எழுதிய சில பக்கங்கள் செய்த தொண்டு அது!

அத்தகைய பக்கங்கள் நல்ல தமிழில் எமக்கு வேண்டும். குளிசை உறையின் மேல் 'இரவில் ஒன்று' என்பதோடு, 'வைத்தியரைக் கேளாமற் சடுதியாக நிறுத்தற்க' என்னும் ஒரு வரி வேண்டும். எத்தனை நாளைக்கு என்பது முதல் நாளே எழுதப்படல் வேண்டும். வைத்தியரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் இது முடியும். சொல் தேடித் தருவதற்கு யான் வருகின்றேன்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன், வைத்தியன், மருந்து, உடனிருந்து பணி செய்வோன். முதல் மூவரைப் பற்றியே நாம் பேசுகின்றோம். எனக்கு நான்காமவர், பதினாறு மாதமும் குளிசையை அளந்து பிளந்து தந்த என் மனைவியார். பாறணை நாளில் யான் பேசிய பெருமையை அவர் ஒருமுறையேனும் சொல்லிக் காட்டவில்லை. உங்கள் வீட்டில், உங்கள் ஆசிரியர் அறையில், இவ்வழியில் இறங்கிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருப்பின், நீங்கள் நான்காமவராக இருங்கள். இன்னுமா முடியவில்லை என்று மட்டும் கேளாதீர்கள்.